தனியாகப் பிறந்ததா?

பைன் ஹாலோ இளையோர் மன்றத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது உறுதிமொழியை அல்ல, காலை ஓங்கித் தரையில் உதைப்பதை. உறுதிமொழியை நடுவில் மறந்து திருதிருவென்று விழித்த பிள்ளைகள் நிறைய உண்டு. உதையை மறந்த பிள்ளையை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

மன்றத்தின் பெருமை அதன் கன்றுச் சங்கிலி. புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் ஒரு ஜெர்சி கிடாரிக் கன்றைச் சும்மா தருவார். பிள்ளை அதை வளர்த்துச் சினைக்கு விட வேண்டும். அது ஈனும் முதல் கிடாரியை அடுத்து வரும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். க்வீனி என்ற ஒற்றைப் பசுவில் தொடங்கியது இது. ஒவ்வொரு வசந்தத்திலும் லுத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கன்று நாள் நடக்கும். எல்லோரும் எழுந்து நின்று சங்கிலியை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். க்வீனியை ஆல்மா வளர்த்தாள், ஆல்மா ரோலண்டுக்குத் தந்தாள், ரோலண்ட் ஹார்லனுக்குத் தந்தான், ஹார்லன் தந்தான். அந்த இடத்தில் பெயர் வராது. "இங்கே அறுந்தது" என்று கூடமே கத்தும். அத்தனை பேரும் வலது காலால் தரையை ஓங்கி உதைப்பார்கள். பிறகு, ஹார்லன் மறுபடி தந்தான் என்று சங்கிலி தொடரும்.

அறுத்தது யார் என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உதைத்த கையோடு எல்லாத் தலைகளும் சமையலறைச் சாளரத்தின் பக்கம் திரும்பும். அங்கே வெர்னா ஸ்கார் காப்பி ஊற்றிக்கொண்டு நிற்பாள். உதையில் அவளுக்குப் பின்னால் தட்டுகள் கடகடவென்று ஆடும். பத்து வயதில் கேட்கத் தொடங்கவேண்டிய தன் பெயரை அறுபது தாண்டியும் அவள் அந்தக் கூடத்தில் கேட்டதில்லை.

அப்படியானால் ஏன் வருகிறாள் என்று கேட்கலாம். வராவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். எங்கள் ஊர் அந்த விஷயத்தில் சோம்பேறி அல்ல. அதோடு ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டைப் போட்டு அவள் செய்யும் கேக்குக்கு இணை கிடையாது, அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் உதைப்பார்கள்.

கன்று கைமாறும்போது ஒரு சடங்கு உண்டு. வாங்கும் பிள்ளையின் தகப்பன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கொடுப்பவர் கன்றின் முதுகில் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நோய் நொடி உண்டா, தனியாகப் பிறந்ததா, மனசாரத் தருகிறாயா. பதில் கேட்டபின் தகப்பன் "ஏத்துக்கிட்டோம்" என்பார், அல்லது "திருப்பிக் கொண்டுபோ" என்பார். திருப்பி அனுப்பினால் காரணத்தை அங்கேயே எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி சும்மா வைத்ததல்ல. காளைக்கன்றோடு ஒரே வயிற்றில் கிடந்து இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகவே இருக்கும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நன்றாகத் தின்னும், நன்றாக வளரும், சினை மட்டும் நிற்காது. மாடு வைத்திருந்த தலைமுறைக்கு இது அத்துப்படி. இன்றைய தகப்பன்மார் பாதிப்பேர் ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிறவர்கள். எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுவிட்டுப் போட்டோவுக்குச் சிரிப்பார்கள்.

வெர்னாவுக்குக் கன்று கொடுத்தவன் ஹார்லன் ப்ரெக்கி. அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. நன்றாகச் சீவிய தலை, கஞ்சி போட்ட சட்டை. வெர்னாவின் அப்பா ஓரின் கேட்டார். ஹார்லன் கன்றின் முதுகில் கை வைத்து, கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "தனியாப் பொறந்தது" என்றான். பின்னால் நின்ற அவன் அப்பா செல்மர் தலையசைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெர்னா அந்தக் கன்றுக்குத் தன் பங்குப் பாலையும் ஊற்றி வளர்த்தாள். பள்ளிக்கூடம் போகும் முன் தேய்த்துவிடுவாள், வந்ததும் தேய்த்துவிடுவாள். கிடாரி தளதளவென்று வளர்ந்தது. பொலிகாளைக்கு விட்டார்கள், நிற்கவில்லை. மறுபடி விட்டார்கள். ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஸ்கார் வீட்டில் மனுஷருக்கே சோறு இல்லை, கன்றுக்கு எங்கே போவார்கள் என்று பெண்கள் சர்ச் வாசலில் வைத்தே பேசினார்கள். கடைசியில் அறுப்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அறுப்புக்கொட்டகைக்காரன் ஓரினைக் கூப்பிட்டு உள்ளே இருந்ததைக் காட்டினான். கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு நரம்புபோல ஏதோ இருந்தது.

"இது காளையோட பொறந்த ரெட்டை. யாரோ உன் தலையில கட்டிட்டானுங்க."

ஓரின் நேராகப் பால்பண்ணைக் கூட்டுறவுக்குப் போனார். செல்மர் ப்ரெக்கிதான் அதன் தலைவர். யாருடைய பாலை எடுப்பது, யாருடையதில் புளிப்பு என்று திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவர் நாக்கில் இருந்தது. முற்றம் நிறைய ஆட்கள். வெர்னா லாரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்மர், அந்தக் கன்னு ரெட்டையாப் பொறந்ததா?" என்றார் ஓரின்.

செல்மர் அவசரப்படவில்லை. "என் பையன் சர்ச்சுல நின்னு பொய் சொன்னான்னு சொல்றியா, ஓரின்? நல்லா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

முற்றமே திரும்பிப் பார்த்தது. ஓரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இல்ல. சும்மா கேட்டேன்" என்றார். லாரிக்குத் திரும்பி வந்து, வீடு சேரும்வரை மகள் முகத்தைப் பார்க்காமலே ஓட்டினார். அந்தத் தொப்பியை வெர்னா மறக்கவில்லை. அப்பாவை மன்னித்துவிட்டாள், தொப்பியை மன்னிக்கவில்லை.

அடுத்த கன்று நாளில்தான் செல்மர் அந்த உதையைக் கண்டுபிடித்தார். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவேண்டும் என்றார். மறுநாள் பள்ளிப் பேருந்தில் ஹார்லன் முன் இருக்கையில் இருந்த வெர்னாவின் காதருகே குனிந்தான்.

"அந்தக் காளைக்குட்டியச் சாணிக்குவியலுக்குப் பின்னால பொதைச்சதே நான்தான். இன்னும் சூடா இருந்துச்சு. போய் யார்கிட்ட வேணா சொல்லு. உங்கப்பன் பாலை எவன் எடுக்கிறான்னு பாப்போம்."

அவள் சொல்லவில்லை. அப்பா இருந்தவரை பாலுக்காகச் சொல்லவில்லை. அப்பா போனபின் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று சொல்லவில்லை. பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, "சங்கிலிய அறுத்த பொண்ணா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவனுக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்து அனுப்பிவைத்தாள். பிறகு அப்பாவின் பண்ணையில் தனியாக, ஜெர்சிகளோடு மட்டும் இருந்தாள். அவள் மாடுகள் வருஷம் தவறாமல் ஈன்றன. அதை யாரும் ஒப்பிக்கவில்லை.

ஹார்லன் இப்போது மன்றத்தின் தலைவர். ஊருக்கு நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். சர்ச் கூரை ஒழுகினால் முதலில் ஏணியோடு வருவது அவர்தான். புதுப் பிள்ளைகளிடம் அறுந்த கண்ணியின் கதையைச் சொல்லும்போது அவருக்குக் கண்கூடக் கலங்கும். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார் என்று சிலர் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை.

இந்த வருஷம் சங்கிலிக்கே சிக்கல் வந்தது. கன்று தர வேண்டிய பெண்ணின் பசு பால்ஜுரத்தில் விழுந்து, வயிற்றுக் கன்றோடு செத்தது. அந்தப் பெண்ணின் தகப்பன் சர்ச் கமிட்டியில் இருப்பதால் அதற்கு யாரும் காலை உதைக்கவில்லை, சூப்பும் ரொட்டியும் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வெர்னாவைத் தவிர ஜெர்சி வைத்திருப்பவர்கள் வேறு யாரும் இல்லை. எல்லாம் பெரிய பண்ணைகள், கறுப்பு வெள்ளை மாடுகள். இந்த வருஷம் சேரப்போகும் பிள்ளையோ ஹார்லனுடைய பேரன் எமெட். அம்மா விட்டுப் போய்விட்டாள், அப்பா மேற்கே எங்கோ லாரி ஓட்டுகிறான். பையன் தாத்தாவோடு இருந்தான்.

பனி கரையாத ஒரு மத்தியானம் ஹார்லன் பேரனைக் கூட்டிக்கொண்டு வெர்னாவின் வீட்டுக்கு வந்தார். பையனைக் கொட்டகைப் பக்கம் அனுப்பிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தார்.

"காப்பி நல்லாருக்கு, வெர்னா. உன் காப்பிக்கு எப்பவும் ஒரு தனி ருசி உண்டு."

"சர்ச்சுல குடிக்கிறதுதான். என்ன விஷயம், சொல்லுங்க."

"ஒரு கிடாரி வேணும். எமெட்டுக்கு."

ஹார்லன் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நீ குடுத்தா சங்கிலில உன் பேரைச் சேத்துடறேன். அந்த உதையும் வேண்டாம்னு சொல்லிடறேன். அம்பது வருஷம் ஆயிருச்சு. பழசையெல்லாம் எத்தனை நாளைக்குப் பேசறது?"

பழசைப் பேசிக்கொண்டிருந்தது யார் என்று வெர்னா கேட்கவில்லை. அந்த ஆளுடைய வாயிலிருந்து வந்தாலும், அது அவளுடைய பெயர். அவளுக்கு அது வேண்டியிருந்தது. சொன்னால் அசிங்கம் என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஆசை அது.

"நெட்டியும் பேர்லும் இந்த மாசம் ஈனும். கிடாரியா இருந்தா தர்றேன்" என்றாள்.

கொட்டகையில் எமெட் நெட்டியின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஒல்லிப் பையன், பெரிய காது. நெட்டியின் நெற்றியில் கை அகலத்துக்கு வெள்ளை இருக்கும்.

"தொடலாமா, மிஸ் ஸ்கார்?"

"அதைக் கேக்காத. அவளைக் கேளு. தாடைக்குக் கீழ சொறிஞ்சு குடு, பதில் சொல்லுவா."

நெட்டி கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பையன் சிரித்தான். "இவ கன்னுக்கும் இந்த வெள்ளை வருமா?"

"வரலாம்."

நெட்டி மார்ச் மாதத்தில் ஒற்றைக் கிடாரியை ஈன்றாள், நெற்றியில் அதே வெள்ளையோடு. வெர்னா அதற்குச் சீம்பால் கறந்து ஊட்டும்போதே, இது அந்தக் காதுப் பையனுக்கு என்று முடிவு செய்துவிட்டாள். நான்கைந்து நாளில் பேர்ல் ஈன்றாள். முதலில் ஒரு காளை, பின்னாலேயே ஒரு கிடாரி.

ஜெர்சிக் காளைக்கன்றை எவனும் சீந்துவதில்லை. தீவனம் தண்டம். வெர்னா அப்பாவின் துப்பாக்கியை எடுத்துப் போய் அதை முடித்துவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் இது புதிது அல்ல, பெரிதாகப் பேசவும் மாட்டார்கள். பிறகு மலடா என்று அறிய ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைக் கிடாரியின் பின்னால் விட்டுப் பார்த்தாள். விரல் நீளத்துக்குமேல் போகவில்லை. இப்படிப் பிறப்பதில் பத்தில் ஒன்று மலடாகாமல் தப்பும். இது தப்பவில்லை. பேர்ல் இரட்டை போட்டாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கன்று நாளன்று இரண்டு கிடாரிகளையும் வண்டியின் பின்னால் பூட்டிய டிரெய்லரில் ஏற்றினாள். நெட்டியுடையதைக் கொடுப்பதாகத்தான் இருந்தாள். அப்படியானால் மற்றதை எதற்கு ஏற்றினாய் என்று கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. இந்தத் தடவை ஏப்ரனைக் கட்டாமல், நீல உடுப்பு போட்டுக்கொண்டு போனாள். ஆனாலும் பழக்க தோஷத்தில் போனதும் காப்பிக் கூஜாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஹார்லன் ஒப்பிக்கத் தொடங்கினார். க்வீனி, ஆல்மா, ரோலண்ட். "ஹார்லன் தந்தான்" என்று கூடம் சொன்னதும் ஹார்லன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"புதுப் பிள்ளைங்க எல்லாம் கேளுங்க. இந்த இடத்துல ஒரு சின்னப் பொண்ணு கவனிக்காம விட்டுட்டா. கன்னு பாழாச்சு, சங்கிலி அறுந்துச்சு. ஆனா நம்ம மன்றம் வன்மம் வெச்சுக்கிற மன்றம் இல்ல. அந்தப் பொண்ணு இன்னைக்கு அதைச் சரிபண்ண வந்திருக்கா. நாம மன்னிச்சாச்சு. இனிமே இந்த இடத்துல அவ பேரைச் சொல்லுவோம். எங்க, எல்லாரும் சொல்லுங்க. வெர்னா ஸ்கார்."

"வெர்னா ஸ்கார்" என்றது கூடம். சொன்ன கையோடு, பழகிய கால்கள் சும்மா இருக்குமா, முன்வரிசைப் பிள்ளைகள் ஓங்கி ஒரு உதை உதைத்தார்கள். தட்டுகள் ஆடின. கூடம் சிரித்தது. ஹார்லனும் சிரித்துவிட்டு, விடுங்கள் என்பதுபோலக் கையசைத்தார். பெரியவர்கள் கைதட்டினார்கள். முன்னால் நின்ற பெண் ஒருத்தி வெர்னாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

வெர்னா கூஜாவைக் கீழே வைத்தாள். வெளியே டிரெய்லருக்குப் போனாள். நெட்டியின் கன்று முதலில் எழுந்து வந்து அவள் விரலைச் சப்பியது. அதைத் தள்ளிவிட்டுப் பேர்லின் கன்றுக்குத் தலைக்கயிறு மாட்டினாள்.

கூடத்தின் நடுவே எமெட் புதுச் சட்டையோடு நின்றான். தகப்பன் இல்லாததால் கேள்வி கேட்க ஹார்லன் முன்னால் வந்தார். வெர்னா கன்றின் முதுகில் கை வைத்தாள்.

"நோய் நொடி உண்டா?"

"ஒண்ணும் இல்ல."

"தனியாப் பொறந்ததா?"

"நீ எனக்குக் குடுத்தது எப்படிப் பொறந்துச்சோ, அப்படித்தான் இதுவும் பொறந்துச்சு, ஹார்லன்."

கூடத்தில் பலருக்கு அது நெகிழ்ச்சியான பதிலாகப் பட்டது. ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். ஹார்லன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மெல்லக் குனிந்தார், கன்றைத் தட்டிக்கொடுப்பதுபோல வாலைத் தூக்கிப் பார்த்தார். மாடு வைத்திருந்தவர்தானே, மலடு என்று பார்த்தவுடன் தெரிந்தது. நிமிர்ந்தபோது கழுத்து சிவந்திருந்தது.

வெர்னா காத்திருந்தாள். திருப்பிக் கொண்டுபோ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் கேட்பார்கள். இது இரட்டை என்பார். எப்படித் தெரியும் என்பார்கள். அவள் சொன்ன பதிலை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதோடு அறுபட்டது யாருடைய கையில் என்று இந்தக் கூடத்துக்கு விளங்கிவிடும். நெட்டியின் கன்று வெளியிலேயே இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் பையன் கையில் கொடுத்துவிடலாம். பேரனுக்காகவாவது சொல்லுவார் என்று, இத்தனைக்குப் பிறகும், அவள் நம்பினாள்.

"தாத்தா, மூணாவது கேள்வி" என்றான் எமெட் மெதுவாக.

"மனசாரத் தர்றியா?" ஹார்லனின் குரல் கரகரத்தது.

"இத்தனை மனசோட நான் எதையும் குடுத்ததில்ல."

ஹார்லன் கூடத்தைப் பார்த்தார். ஐம்பது வருஷமாக அவரை ஏற்றிப் பேசிய முகங்கள். பிறகு பையனைப் பார்த்தார். பையன் அதற்குள் கன்றின் தாடைக்குக் கீழே சொறிந்துகொண்டிருந்தான்.

"ஏத்துக்கிட்டோம்" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கேக் காலியானதும் எல்லோரும் வெளியே வந்தார்கள். எமெட் கன்றை இழுத்துக்கொண்டு தாத்தாவின் வண்டிக்குப் போகும் வழியில், வெர்னாவின் டிரெய்லருக்குள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது. அவன் நின்று கம்பிக்குள் எட்டிப் பார்த்தான்.

"மிஸ் ஸ்கார், இங்க இன்னொண்ணு இருக்கே. நெத்தில வெள்ளை. நெட்டியோடதா?"

"ஆமா."

"அப்ப இது யாருக்கு?"

ஹார்லன் வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டார். வெர்னா அவரையே பார்த்தாள். முற்றத்தில் இப்போது யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தொப்பியைக் கழற்றக்கூட வேண்டியதில்லை, ஒரு தலையசைப்பு போதும்.

"உங்க தாத்தாவைக் கேளு" என்றாள் வெர்னா.

பையன் திரும்பினான். "தாத்தா?"

"அது அவங்க கன்னு. உனக்குக் குடுத்ததை ஒழுங்காப் பாத்துக்க, அது போதும்" என்றார் ஹார்லன். "நேரமாச்சு. ஏறு."

"நான் நல்லாத் தீனி போடுவேன், மிஸ் ஸ்கார்" என்றான் எமெட். "சங்கிலிய அறுக்க மாட்டேன்."

வெர்னாவுக்கு உண்மை வாய் வரை வந்தது. டிரெய்லரின் தாழ்ப்பாளில் கை இருந்தது, இழுத்தால் திறந்துவிடும். அவள் இழுக்கவில்லை. ஹார்லனின் வண்டி கிளம்பியபின் நெட்டியின் கன்றை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.